ஆறு மாதக் குழந்தைக்குப் பழக்கூழ்

பயிரை விளைவிப்பதோடு குடியானவரின் கடமை முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருளில் ஒரு பங்கு வீட்டிலுள்ள சிறு வயிற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் அமராவதிப் பாசனத்திலும், அவிநாசிப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்திலும் வாழை பயிரிடுவோர் குலைகளை வண்டியேற்றி மண்டிக்கு அனுப்புகின்றனர். அவ்வீட்டுக் குழந்தைக்கோ டப்பா மாவும் பிஸ்கோத்தும் கடையிலிருந்து வருகின்றன. நன்கு பழுத்த பழம் ஒன்றும், சுத்தமான கையும், ஒரு கரண்டியும் இருப்பின் அக்குழந்தையின் முதல் ஆகாரங்களுள் ஒன்றை வீட்டிலேயே தயாரித்துவிடலாம். அம்முறையை இங்கு விவரிப்போம்.

தொடங்கும் காலம்

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் பால் மாத்திரம் போதாது. இது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் முடிவாகும்.

திருப்பூர் வட்டாரத்தில் இவ்விதி தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, முதலிரு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அதில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்த தாய் பனியன் கம்பெனிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதமே ஆகியிருக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்வோருக்கு அவ்விடுப்புக்கூட நடைமுறையில் கிட்டாமற் போவதுண்டு. அப்போது வீட்டிலிருக்கும் அமுச்சியோ அப்பத்தாவோ பசி தாங்காத குழந்தைக்கு நீர்த்த கஞ்சியைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கத் தலைப்படுகின்றனர். இது வேண்டாம். தாய் பிழிந்து வைத்துச் செல்லும் பாலைச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டலாம். குளிர்ந்த இடத்தில் மூடிவைத்த பாலை நாலு மணி நேரத்திற்குள் செலவழித்துவிட வேண்டும்.

பழத் தேர்வு

தொடக்கத்திற்கு வாழையும் பப்பாளியும் ஏற்றவை. இரண்டையும் பச்சையாகவே மசிக்கலாம். பப்பாளியின் செம்மஞ்சள் சதை வைட்டமின் 'ஏ'-க்கு மூலப்பொருளை அளிக்கிறது. வைட்டமின் 'சி'-யும் அதில் மிகுதி. வாழை, பப்பாளியைவிட மிகுந்த சக்தியைத் தரும். கன்னியாகுமரிப் பக்கத்தில் சிறு குழந்தைகளுக்கு மட்டி வாழைப்பழம் ஊட்டுவது நெடுநாள் வழக்கம்; அவ்வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நேந்திரனாயின் தோலோடு ஆவியில் வேகவைத்து, உரித்து, நடுத்தண்டை நீக்கி மசிக்க வேண்டும். ஆப்பிளையும் ஆவியில் வேகவைத்தே மசிக்கலாம். ஆயினும் தொலைதூரத்து ஆப்பிள்தான் சத்துள்ளது என்ற எண்ணம் ஆதாரமற்றது.

கார்பைடு கல்லால் பழுக்கவைத்த மாம்பழத்தை விலக்குக. அக்கல்லில் ஆர்செனிக்கும் பாஸ்பரமும் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதனைத் தடை செய்துள்ளது. வீட்டு உபயோகத்திற்கு வைக்கோலில் பழுக்கவைப்பதே போதும்.

நீரும் பாத்திரமும்

நொய்யல் ஓரத்தில் சாயக் கழிவு பல ஆண்டுகள் கலந்ததையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும் வாசகர் அறிவர். உப்பேறிய கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்போ நீங்காது, நீர் சுண்டச் சுண்டச் செறிவே அடையும். ஆகையால் குழந்தையின் ஆகாரத்திற்குக் குழாயில் வரும் ஆற்றுக் குடிநீரையே காய்ச்சி ஆறவைத்து உபயோகிக்க வேண்டும்.

செய்முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கிண்ணத்தையும் கரண்டியையும் கொதிநீரில் இட்டு எடுக்கவும்.
2. பழத்தைத் தோலோடு கழுவியபின் உரிக்கவும். பப்பாளியின் விதைகளை முற்றிலும் நீக்கவும்.
3. ஒரு வேளைக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக் கரண்டியின் பின்புறத்தால் கட்டியின்றி மசிக்கவும். மிக்சி அவசியமில்லை.
4. இறுகலாயிருப்பின் தாய்ப்பாலைச் சில துளி சேர்க்கலாம். சர்க்கரை, வெல்லம், உப்பு எதுவும் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேன் நாக்கில் தடவவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுக்களுக்குக் கடும் நோயை உண்டாக்கும்.
5. கரண்டியைச் சாய்த்துப் பார்க்கவும். கூழ் வழிந்தோடாமல் நிற்க வேண்டும். வழிந்தால் அது வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது.

முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். ஒரு பழத்தை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தபின் மற்றொன்றைத் தொடங்கினால், ஒவ்வாதது எது என்பது தெரியவரும். எல்லா ஆகாரமும் சேர்த்து, ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், பின்னர் 3 அல்லது 4 வேளையும் ஊட்டலாம். மீந்ததை மறுவேளைக்கு வைக்க வேண்டாம், பெரியவர் உண்டுவிடலாம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

பழம் மாத்திரம் போதாது

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பழத்தில் இரும்புச் சத்தும் புரதமும் சொற்பம். பிறக்கும்போது உடலில் சேமித்துக் கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்திற்குள் பெரும்பாலும் செலவாகிவிடும். பழக்கூழை மாத்திரம் ஊட்டினால் குழந்தை கொழுகொழுவெனத் தோன்றினும் இரத்தம் குன்றும். ஆதலால் ராகிக் கூழ், பாசிப்பருப்புச் சாதம், மசித்த கீரை, உண்போர் வீட்டில் முட்டை ஆகியவற்றையும் அதே பருவத்தில் தொடங்க வேண்டும். பருப்புச் சாதத்திற்குப் பின் ஒரு கரண்டி பப்பாளி ஊட்டினால், அதன் வைட்டமின் 'சி' பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும்.

குழந்தைக்கென ஒரு மரம்

பப்பாளி நட்ட ஒன்பது பத்து மாதங்களில் பழம் தரும். வாழைக்கு ஏறக்குறைய ஓராண்டு. மருமகள் கருவுற்ற செய்தி கேட்ட மாதத்திலேயே புறக்கடையில் ஒரு பப்பாளியும், மூன்று மாத இடைவெளியில் இரண்டு வாழைக் கன்றுகளும் நட்டால், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் தறுவாயில் பழம் கைக்கு எட்டும். கர்ப்பிணிகளுக்குப் பப்பாளியை விலக்கும் வழக்கத்தால் மரத்தையே விலக்க வேண்டியதில்லை.

ஆண் மரம் தோன்றாத கோ.7 ரகம் வீட்டிற்கு ஏற்றது. நீர் தேங்காதபடி மேட்டில் நடவும். இரண்டு பயிர்களுக்கும் உப்பு நீர் ஆகாது. ஆகவே அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைப் பாய்ச்சலாம். 2008-ல் கோயமுத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் வரவழைக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. இக்குளவிகளையும் கொன்றுவிடுமாதலால் மருந்து தெளிக்காமல், பூச்சி கண்ட இலையைக் கிள்ளி அழிப்பதே நலம்.

லைன் வீடுகளில் குடியிருப்போருக்குப் புறக்கடை இராது. அவர்கள் சீப்பு வாழைப்பழம் வாங்கினாலே போதும். சில நாட்களுக்கு வரும். வேலைக்குச் செல்லும் தாய்மார், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குக் கரண்டியைச் சாய்த்துப் பார்க்கும் அச்சோதனையை ஒருமுறை செய்துகாட்டிவிட்டுச் செல்வார்களாக.