இரண்டு அட்டை வட்டங்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், சார். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தெரியுமில்லையா? ஊர் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்கிறது என்று 2013-ல் ஸ்னோடென் போட்டு உடைத்தாரே, அதேதான். மறு வருஷமே அது பள்ளிக்கூடத்துக்கு இணையப் பாதுகாப்பைச் சொல்லித்தரக் கோடை முகாம் நடத்தக் கிளம்பியது. பெயர் ‘ஜென்சைபர்’. தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பணம் போட்டது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் நடத்தின. சேர்ந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. சிரிக்கிறீர்கள். ஆனால் பூட்டின் ஓட்டை அதைத் திறக்கப் பழகியவனுக்குத்தானே தெரியும்? ‘எதிராளி மாதிரி யோசி’ என்பதே அங்கே ஒரு பாடம்.

கம்ப்யூட்டரே இல்லாமலும் அந்தப் பாடத்தை ஆரம்பிக்கலாம். பெரிதும் சிறிதுமாக இரண்டு அட்டை வட்டங்கள், நடுவில் ஒரு குண்டூசி. ஓரமாக இரண்டிலும் 26 ஆங்கில எழுத்துகள். உள்வட்டத்தை மூன்று எழுத்து நகர்த்தினால் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘டி’. சீசர் கையாண்ட முறை. ரகசியச் சீட்டு அடுத்த பெஞ்சுக்குப் பறக்கும், ஒரே குஷி. இதை உடைக்க எத்தனை முறை திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். அதிகம் போனால் 25. பீரியடு முடிவதற்குள் உடைந்துவிடும், முகங்கள் தொங்கிப்போகும். பாடம் அங்கேதான் சூடு பிடிக்கிறது. சின்ன எழுத்து எட்டில் பாஸ்வேர்டு வைத்தால் சுமார் 20,882 கோடி வாய்ப்புகள். நமக்குத் தலை சுற்றும், கம்ப்யூட்டர் அசராது. இன்னும் நான்கு எழுத்து சேர்த்தால் வேலை 4,56,976 மடங்கு கூடும். பேரன் பெயரை வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது ஆசிரியர்களுக்கென்றே நடந்த முகாம்கள். பிள்ளைக்குச் சொன்னால் ஒரு பிள்ளையோடு போச்சு. வாத்தியாருக்குச் சொன்னால் வருஷா வருஷம் வகுப்பு வகுப்பாகப் போகும். கோடையில் அவருக்கும் லீவு. தன் வகுப்புக்கான பாடத்திட்டத்தை அங்கேயே எழுதி எடுத்துப் போவார்.

ஆரம்ப முகாம்களில் பத்து அடிப்படைகள் வைத்திருந்தார்கள். ஒன்று, தேவைக்கு மேல் அதிகாரம் தராதே. வாட்ச்மேனுக்கு கேட் சாவி போதும், மார்க் லிஸ்ட் பீரோ சாவி எதற்கு? உங்கள் போனில் டார்ச் அடிக்க ஏதோ ஒரு ஆப் போட்டிருக்கிறீர்களே, அது காண்டாக்ட் லிஸ்டைக் கேட்டதா?

‘சரி’ அழுத்திவிட்டீர்களா? கொடுங்கள் இப்படி. தம்பி, இன்னும் ரெண்டு டீ!