உங்களுக்குத் தெரியுமா? டென்மார்க் வீட்டுத் தோட்டத்தில் பட்டுக்கோழி

★ தொட்டால் பூனைக்குட்டி போலிருக்கும் சில்கி கோழிக்கு டென்மார்க்கில் 'சில்கெஹோன்ஸ்' என்று பெயர். அதாவது பட்டுக்கோழி. சாதுவான இனம். குழந்தைகள் தூக்கினாலும் பெரும்பாலும் திமிறாது. மடியில் வைத்துத் தடவினால் கண் செருகிவிடும்.

★ பூர்வீகம் சீனா என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே போன மார்க்கோ போலோ, இறகுக்குப் பதில் பூனைக்கு இருப்பதுபோல் ரோமம் கொண்ட கோழிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் இது ஐரோப்பாவுக்கு வந்தபோது, முயலுக்கும் கோழிக்கும் பிறந்தது என்று கதை கட்டி விற்றவர்களும் உண்டு.

★ உண்மையில் அது ரோமம் அல்ல, இறகுதான். சாதாரண இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை ஒன்றையொன்று ஜிப் மாதிரி கவ்விக்கொள்வதால்தான் இறகு தகடுபோல் நிற்கிறது. சில்கிக்கு அந்தக் கொக்கிகள் இல்லை. இழைகள் பிரிந்து பஞ்சாக நிற்கின்றன.

★ கொக்கி இல்லாததால் இரண்டு இழப்பு. ஒன்று, பறக்க முடியாது. ஆகவே இரவில் உட்காரும் கட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். பல சில்கிகள் கட்டையே வேண்டாமென்று மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டாவது இழப்புதான் பெரிது: மழை இறகில் வழிந்து ஓடாது, உள்ளே இறங்கிவிடும்.

★ ஆண்டு மழையளவில் சென்னை டென்மார்க்கை மிஞ்சும். ஆனால் நமக்குச் சில மாதங்களில் கொட்டித் தீர்ப்பது, அங்கே பன்னிரண்டு மாதமும் தூறலாக விழும். உலர்ந்த குளிரைத் தாங்கும் சில்கி, ஈரக் குளிரில் தளர்ந்துவிடும். கூரை போட்ட முற்றமும் காய்ந்த மரத்தூளும் அங்கே அதற்கு உயிர்த்தேவை.

★ அந்தக் கூரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பறவைக் காய்ச்சல் அபாயம் கூடும் காலங்களில், வீட்டுக் கோழிகளையும் கொட்டிலுக்குள்ளோ, மேலே நீர் புகாத கூரையும் பக்கங்களில் வலையும் உள்ள அடைப்புக்குள்ளோ வைக்க வேண்டும் என்று டென்மார்க் அரசு உத்தரவிடும். வலசை போகும் காட்டு வாத்துகளின் எச்சம் தீனியிலும் தண்ணீரிலும் விழக்கூடாது என்பதே காரணம்.

★ வெள்ளைப் பஞ்சை விலக்கிப் பார்த்தால் தோல் கருநீலம். எலும்பும் கறுப்பு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத் கருங்கோழிக்கும் இதே குணம். இரண்டுக்கும் மரபணு மாற்றம் ஒன்றே. கடக்நாத் 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது.

★ பெரும்பாலான கோழிகளுக்குக் காலில் நான்கு விரல், சில்கிக்கு ஐந்து. ஐந்தாவது விரல் மேல்நோக்கி வளைந்திருக்கும். தரையில் தேயாத அதன் நகத்தை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

★ தலையில் உள்ள இறகுக் கொண்டை அழகுதான். ஆனால் அது கண்ணை மறைத்தால் தீனி எங்கே என்று தெரியாது. கூட்டத்தில் வேறு இனக் கோழி கொத்த வருவதும் தெரியாது. சில்கிகள் பலவற்றின் மண்டையோட்டில் உச்சி மூடாமல் இருக்கும். அங்கே விழும் ஒரு கொத்து உயிருக்கே ஆபத்து. ஆகவே முரட்டுக் கோழிகளோடு சேர்த்து விடாதீர்கள்.

★ டிசம்பரில் கோபன்ஹேகனில் பகல் ஏழு மணி நேரம்தான், ஜூனில் பதினேழரை. கோழி நன்றாக முட்டையிடப் பதினான்கு மணி நேர வெளிச்சமாவது வேண்டும். பனிக்காலத்தில் முட்டை நின்றால் கவலை வேண்டாம், அது ஓய்வு. ஆண்டு முழுவதற்குமே சில்கியிடம் நூறு, நூற்று இருபது முட்டைக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

★ முட்டை குறைய இன்னொரு காரணம், அடை. சில்கியைப் போல் அடையில் உட்காரும் கோழி அரிது. முட்டையே இல்லாத வெறுங்கூட்டிலும் வாரக்கணக்கில் உட்காரும். தினமும் ஒருமுறை தூக்கிவிட்டுத் தீனியும் தண்ணீரும் காட்டாவிட்டால் இளைத்துப்போகும். அடைக்கோழியை டேனிஷ் மொழியில் 'ஸ்க்ருக்' என்பார்கள். குழந்தைக்காக ஏங்கும் பெண்ணையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள்.

★ டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' கதையை வெளியிட்டது 1843-இல். நம் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில்தான் இருந்தது. முட்டையிடத் தெரியாதவன் என்று அந்தக் குஞ்சை இளக்காரமாகப் பார்க்கும் கோழி ஒன்று கதையில் வரும். சில்கி அப்படிப் பார்க்காது. 21 நாளில் பொரியும் தன் முட்டைக்குக் காட்டும் அதே பொறுமையை, 28 நாள் பிடிக்கும் வாத்து முட்டைக்கும் காட்டும். பொரித்ததைத் தன் குஞ்சாகவே வளர்க்கும்.

★ 'ஓர் இறகு ஐந்து கோழியாகிவிட்டது' என்பது டென்மார்க்கில் வதந்தியைச் சொல்லும் வழக்கு. இதுவும் ஆண்டர்சனிடமிருந்து வந்ததே. ஒரு கோழி கோதியபோது உதிர்ந்த ஒற்றை இறகு, வாய்மாறி வாய்மாறி, ஐந்து கோழிகள் இறகைப் பிடுங்கிக்கொண்டு செத்த கதையாக முடியும். எழுதிய ஆண்டு 1852.

★ பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் போடும் வைட்டமின் கே ஊசிக்கும் கோழிக்குஞ்சுக்கும் தொடர்பு உண்டு. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி தின்ற குஞ்சுகளுக்கு ரத்தக்கசிவு வருவதைக் கவனித்தார். குறையாக இருந்த சத்துக்கு 1935-இல் 'கே' என்று பெயரிட்டார். 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

★ மிச்சச் சோற்றைக் கோழிக்கு வீசுவது நம் ஊர் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, உணவுக்காக வளர்க்கும் கோழிக்குச் சமையலறைக் கழிவைப் போடக் கூடாது. கால்நடை நோய்கள் உணவு வழியே பரவுவதைத் தடுக்கவே இந்த விதி. தோட்டத்தில் பறித்த கீரையை நேராகக் கொண்டுபோய்ப் போடலாம்.

★ சில்கிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று கண்டுபிடிக்க ஐந்தாறு மாதம்கூட ஆகும். குடியிருப்புப் பகுதியில் கூவும் சேவலுக்கு எல்லா இடத்திலும் அனுமதி கிடைக்காது. பொரிக்க வைக்கும் முன்பே, வரப்போகும் சேவல்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

★ இடமில்லை என்பவர்களுக்கு ஒரு சேதி: கோபன்ஹேகனின் ஓஸ்டர்ப்ரோ பகுதியில் 2014-இல் தொடங்கிய 'ஓஸ்டர்க்ரோ' என்ற மொட்டைமாடிப் பண்ணையில், காய்கறிப் பாத்திகளோடு கோழிகளும் தேனீக்களும் வளர்ந்தன.

★ செவ்வுண்ணி பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். உடம்போடு ஒட்டி வாழும் பேனைச் சில்கியின் அடர்ந்த பஞ்சு மறைத்துவிடும். வாரம் ஒருமுறை இறகை விரல்களால் பிரித்துத் தோலைப் பாருங்கள். இருட்டிய பின் டார்ச் அடித்துக் கட்டையின் அடியையும் பாருங்கள்.

★ 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள டென்மார்க்கின் விலங்கு நலச் சட்டம், விலங்குகளை உணர்வுள்ள உயிர்கள் என்றே சொல்கிறது. சில்கி வளர்ப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடைமழையில் நனைந்து கொட்டிலின் வாசலில் நிற்கும் கோழியைத் தூக்கிப் பார்த்திருப்பார்: அத்தனை பஞ்சும் ஒட்டிப்போய், கைக்கு அடங்கும் சின்ன உடம்பு வெடவெடத்துக்கொண்டிருக்கும். துண்டால் ஒற்றி, காய்ந்த இடத்தில் விட்டு, உள்வரை உலர்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். நம்மைக் கவர்ந்த அந்த மென்மைதான் அதை மழையிடம் விட்டுக்கொடுக்கிறது. வாங்க நினைப்பவர்கள் கூரையை முதலில் போடுங்கள், கோழியைப் பிறகு கொண்டுவாருங்கள்.