ஜெலட்டின் கட்டியின் சாட்சியம்

மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் இயங்கும் மைசூரில் ஜெலட்டின் என்றால் ஜெல்லியும் மாத்திரை உறையும்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கிக் குண்டு ஆய்வாளர்கள் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடுவதும் அதே ஜெலட்டினைத்தான். பன்றித் தோலிலிருந்து எடுத்த, 250 புளூம் வலிமையுள்ள தூளை 10 சதவீதக் கரைசலாக்கி 4 டிகிரி செல்சியஸில் குளிரவைத்தால் கட்டி தயார். புளூம் என்பது உணவுத் துறையின் அளவு. ஜெல்லை ஓர் உருளையால் மெதுவாக அமுக்கி அதன் உறுதியைப் பார்ப்பது. குண்டின் வேகத்தில் ஜெல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் தராது. பாய்கிற குண்டு ஜெல்லைச் சுற்றிலும் தள்ளி, சில மில்லி நொடிகளுக்குப் பெரிய குழியைத் திறக்கிறது; குழி மூடிக்கொண்டபின் விரிசல்கள் மட்டும் மிஞ்சும். ஆகவே கட்டியை முதலில் 4.5 மி.மீ. எஃகு உருண்டையால் நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுடுகிறார்கள். அது சுமார் 8.5 செ.மீ. ஆழம் இறங்கினால்தான் கட்டி தேறும். மைசூரின் ஏப்ரல் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே இளகிப்போய், உருண்டை இன்னும் உள்ளே போகும்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அதில் எலும்பு இல்லை, தோல் இல்லை, ரத்தக் குழாய் இல்லை; அப்புறம் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. நுரையீரல் விரிந்து மீண்டும் சுருங்கிவிடும், ஈரல் கிழிந்துவிடும். ஜெல் விரிசலை மட்டும் பார்த்து இவற்றில் எது நடக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காக ஆட்டைச் சுட்டால் தீருமா? ஓர் ஆடு இன்னோர் ஆட்டைப் போல இருப்பதில்லை. ஜெல் கட்டிகளை ஒரே தரத்தில் வார்க்கலாம். எனவே இரண்டு குண்டுகளை ஒப்பிட அது போதும். காயம் எப்படியிருக்கும் என்று ஜோசியம் சொல்ல அதை இழுத்தால்தான் வம்பு. யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

ஒரு சோதனையின் முடிவை வேறொன்றின் தலையில் கட்டுவது புதிதல்ல. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் முனையில் ஈயம் தெரியும் குண்டு உருவானது. 1899 ஹேக் மாநாட்டில் அதற்கு எதிராக ஜெர்மனியின் டியூபிங்கனில் பேராசிரியர் புருன்ஸ் செய்த சோதனைகளைக் காட்டினார்கள். அவர் சுட்டதோ ஈயம் மிக அதிகமாக வெளியே நீட்டியிருந்த வேட்டைக் குண்டுகளை. பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டா இதைச் சுட்டிக்காட்டியும் எடுபடவில்லை; மாநாடு அத்தகைய குண்டுகளுக்குத் தடை விதித்தது. தடை சரியானது என்பதே என் எண்ணம். ஆர்டாவின் வாதமும் சரிதான். பிரிட்டன் அந்தத் தடையை ஏற்க 1907 வரை ஆனது.