பேரீச்சையில் ஒரு பாரசீக இனிப்பு

இல்லம் நாடி வருவோர்க்கு இனிப்பு அளித்து மகிழ்தல் எந்நாட்டவர்க்கும் பொதுவான பண்பு. எனினும், எவ்வினிப்பு என்பதை அந்தந்த மண்ணின் விளைவே தீர்மானிக்கின்றது. பாரசீகம் என முன்னர் வழங்கப்பெற்று, 1935 முதல் ஈரான் என உலகோரால் அழைக்கப்படும் நாட்டின் தென்பகுதியை நோக்குவோம். வளைகுடாவை ஒட்டிய புஷேர் போன்ற பகுதிகளில் கோடை வெப்பம் கொடிது. அங்கே செழிப்பது பேரீச்சை. அம்மக்களின் இல்லங்களில் பிறந்த இனிப்பே ‘ரங்கினக்’. கேக் சுடும் ‘அவன்’ அடுப்பு இதற்கு வேண்டியதில்லை. இரமலான் மாதத்தில், பகலெல்லாம் நோன்பிருந்தோர் மாலையில் தேநீருடன் இதனை உண்டு மகிழ்வர்.

பழத்தின் பின்னால்

ஈரானின் தென்கிழக்கிலுள்ள பாம் நகரம், ‘மஸாஃபத்தி’ என்னும் கரிய, மென்மையான பேரீச்சைக்குப் பேர்பெற்றது. மண்ணுக்கடியில் வெட்டப்பெற்ற ‘கனாத்’ எனும் கால்வாய்கள், தொலைவிலுள்ள நிலத்தடி நீரை எந்திரமின்றிச் சரிவின் வழியே அவ்வூர்த் தோப்புகளுக்குக் கொணர்கின்றன. 2003 டிசம்பர் 26 அன்று விடியுமுன் நேர்ந்த நிலநடுக்கத்தில் அவ்வூர் இடிந்து வீழ்ந்தது. 25,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் மீண்டும் தம் தோப்புகளைப் பேணினர். கடையில் எளிதாய் வாங்கும் பழத்தின் பின்னால் எத்துணை மாந்தரின் உழைப்பும் கண்ணீரும் உள்ளன என்பதை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.

தேவையானவை

மென்மையான பேரீச்சம்பழம் 400 கிராம். அக்ரூட் பருப்பு 100 கிராம். கோதுமை மாவு 200 கிராம். வெண்ணெய் 200 கிராம். பட்டைத் தூள் 1 தேக்கரண்டி. ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி. தூவுவதற்குச் சிறிது பிஸ்தா.

செய்முறை

பழங்களைக் கீறிக் கொட்டையை நீக்குக. அக்ரூட் பருப்பை வெறும் வாணலியில் இலேசாக வறுத்து, ஒவ்வொரு பழத்தினுள்ளும் ஒரு துண்டை வைத்து மூடுக. பருப்பின் மெல்லிய துவர்ப்பு பழத்தின் மிகுந்த இனிப்பைச் சமன்செய்யும்.

அடுத்து, வெண்ணெயை உருக்கி மாவைச் சேர்த்து, சிறுதீயில் இடைவிடாது கிளறுக. இங்கேதான் பொறுமை வேண்டும். பதினைந்து, இருபது நிமிடங்களில் பச்சை வாசனை நீங்கி மாவு பொன்னிறமாகும், நறுமணம் எழும். தீயைக் கூட்டினால் அடி கருகிக் கசக்கும்; அவசரப்பட்டு இறக்கினால் பச்சை மாவே நாவில் நிற்கும். பொன்னிறம் வந்தவுடன் இறக்கி, தூள்களைக் கலக்குக.

மாவுக் கலவையில் பாதியைத் தட்டில் பரப்பி, பழங்களை நெருக்கமாக அடுக்கி, மீதியை மேலே ஊற்றிச் சமன்செய்க. பிஸ்தாவைத் தூவி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத் துண்டுகளாக்குக.

கவனிக்கத்தக்கவை

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் நீரிழிவு உள்ளோர் தாராளமாய் உண்ணலாம் என எண்ணுதல் தவறு. பேரீச்சையின் எடையில் பாதிக்கும் மேல் இயற்கைச் சர்க்கரையே, வெண்ணெயும் மிகுதி. ஆகவே ஒருவருக்கு ஓரிரு துண்டுகள் போதும். பருப்புகள் தொண்டையில் சிக்கக்கூடுமாதலால் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தராதிருத்தல் நலம்.

தாய் மாவைக் கிளற, பிள்ளைகள் பழத்தில் பருப்பை வைக்க, தந்தை தட்டில் அடுக்க, குடும்பமே கூடிச் செய்யத்தக்க இனிப்பு இது. செய்தபின் ஒரு பங்கை அண்டை வீட்டாருக்கும் அனுப்புவோம். பகிர்ந்துண்ணும்போதே இனிப்பு நிறைவு பெறுகின்றது.