பலகையின் முதுகு சொல்லும் சேதி



சாலைச் சந்திப்பில் ஒரு பலகை நிற்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதன் முதுகுதான் தெரிகிறது. எழுத்து இல்லை, நிறமும் இல்லை. வெறும் சாம்பல் நிறத் தகடு. ஆனால் அதற்கு எட்டு மூலைகள் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் வரும் வண்டிக்கு அது என்ன சொல்கிறது?

கண்டுபிடித்துவிட்டீர்களா? 'பெர்ஹெந்தி'. நில் என்பதுதான் செய்தி!

எழுத்தையே பார்க்காமல் எப்படித் தெரிந்தது? எட்டு மூலை வடிவத்தை 'நில்' பலகைக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகள் மஞ்சள் நிறத்தில், சதுரத்தைத் திருப்பி நிறுத்தியதுபோல் இருக்கும். மரக்கிளை எழுத்தை மறைத்தாலும் மூலைகள் காட்டிக்கொடுத்துவிடும். மறுபக்கத்து வண்டி நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கம் வருபவருக்கும் புரிந்துவிடும்.

இப்படி யோசித்துச் செய்யும் வேலைக்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். "இதைப் படிக்கப்போவது யார்? அவர் எந்த நிலையில் இருப்பார்?" என்ற கேள்வியிலிருந்து அது பிறக்கிறது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் தினமும் நாம் கடந்துபோகும் சில பொருள்களை இந்தக் கேள்வியோடு பார்ப்போம், வாருங்கள்.

ஒரு விநாடியில் 30 மீட்டர்

நம் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்! ஒரு பலகையை மூன்று விநாடி பார்த்தால் அதற்குள் கார் 90 மீட்டர் ஓடியிருக்கும்.

நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். விரல் நகத்தின் அகலம் அளவுதான் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும். நம்பிக்கை வரவில்லையா? இந்த வரியின் முதல் சொல்லை உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல் வரியின் கடைசிச் சொல்லைப் படிக்க முடிகிறதா? முடியாது. அதனால்தான் படிக்கும்போது நம் கண் ஒரு விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிச் செல்கிறது.

நெடுஞ்சாலைப் பலகையில் சொற்கள் குறைவாகவும் எழுத்துகள் பெரிதாகவும் இருப்பது இதற்காகத்தான். சில தாவல்களிலேயே ஓட்டுநர் படித்து முடித்துவிட வேண்டும். டோல் நெடுஞ்சாலையில் பச்சைப் பலகை, மற்றச் சாலைகளில் நீலப் பலகை. எழுத்தைப் படிக்கும் முன்பே எந்த வகைச் சாலை என்பதை நிறம் சொல்லிவிடுகிறது.

இரவில் என்ன ஆகும்? சாலைப் பலகைகளில் ஒட்டியிருக்கும் தாளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கண்ணாடி மணிகளோ குட்டிப் பட்டகங்களோ நிறைந்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். இவையோ ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். காரின் விளக்கொளி ஓட்டுநரின் கண் பக்கமே திரும்புவதால் பலகை பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் சோதித்துப் பாருங்கள். புத்தகப் பையில் பளபளக்கும் பட்டை இருந்தால், விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுங்கள். பிறகு கைவிளக்கை மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். பட்டையின் ஒளி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

வளைந்த பாதை, நேரான கோடு

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மாட்டியிருக்கும் இரயில் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். கோடுகள் நேராக ஓடி, அழகாகத் திரும்புகின்றன. உண்மையில் தண்டவாளம் அப்படி நேராக ஓடுவதில்லை. இந்தப் பாணியில் பெயர் பெற்ற முதல் வரைபடத்தை வரைந்தவர் லண்டனைச் சேர்ந்த ஹாரி பெக். 1931-இல் அவர் வரைந்த படம் 1933-இல் பயணிகளின் கைக்கு வந்தது. இரயிலில் போகிறவருக்கு வளைவுகள் எதற்கு? அடுத்து எந்த நிலையம், எங்கே வண்டி மாறுவது, இவை தெரிந்தால் போதும். பெக் இதை உணர்ந்து, தேவையில்லாததை எல்லாம் நீக்கிவிட்டார்.

நம் வரைபடத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் தடம் சிவப்பு, அதன் எண் 2. காஜாங்குக்குப் போகும் எம்ஆர்டி தடம் பச்சை, அதன் எண் 9. நிறம் இருக்கும்போது எண் எதற்கு?

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சிலருக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒரு வகை சரியாக வேலை செய்யாது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். உங்கள் வகுப்பு நண்பர் ஒருவருக்குக்கூட இருக்கலாம். நிறம் கைவிட்ட இடத்தில் எண் அவருக்குத் துணை நிற்கிறது.

நிலையங்களுக்கும் குறியீடு உண்டு. கிள்ளான் 'கேடி14', போர்ட் கிள்ளான் 'கேடி19'. கிள்ளானில் ஏறிப் போர்ட் கிள்ளானுக்குப் போகிறவர் எத்தனையாவது நிலையத்தில் இறங்க வேண்டும்? கழித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பயணியும் இந்தக் கழித்தலைச் செய்துவிடுவார்.

ஒரு புள்ளி தொலைந்தால்

'பல்' என்று எழுதுங்கள். மேலே உள்ள புள்ளியை அழித்தால் 'பல' ஆகிவிடும். வாயில் இருந்த பல் காணாமல் போய்விட்டது! தமிழ் எழுத்தை வடிவமைப்பவருக்கு இந்தச் சின்னப் புள்ளி பெரிய சவால். கணினித் திரையும் கைப்பேசித் திரையும் நுண்ணிய ஒளிக்கட்டங்களால் ஆனவை. எழுத்து சிறிதானால் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு கட்டங்களே. 'எ', 'ஏ' வேறுபாடும் ஒரு சிறு கோட்டில்தான் இருக்கிறது. 'கு', 'சு', 'டு', 'மு', 'று' ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருப்பது 'உ' ஓசைதான், வடிவமோ ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைய வேண்டும்.

இந்தச் சவாலை ஏற்றவர்களில் ஒருவர் நம் மலேசியக் கணிஞர் முத்து நெடுமாறன். 'முரசு அஞ்சல்' என்ற தமிழ் மென்பொருளை 1980-களிலேயே உருவாக்கத் தொடங்கியவர். ஆப்பிள் கணினிகளிலும் ஐபோனிலும் உள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துரு அவர் வடிவமைத்தது. தமிழோடு நிற்காமல் பல இந்திய, தென்கிழக்கு ஆசிய மொழிகளின் எழுத்துகளையும் வடிவமைத்திருக்கிறார். உலகெங்கும் ஐபோனில் தமிழ் படிக்கும் எத்தனையோ கண்களுக்கு ஒரு மலேசியத் தமிழரின் கைவண்ணம் பழகிப்போயிருக்கிறது!

பாதம் படிக்கும் எழுத்து

இதுவரை கண்ணால் படிப்பவற்றைப் பார்த்தோம். கண் தெரியாதவர் தெருவை எப்படிப் படிப்பார்? இதற்குப் பதில் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கிடக்கிறது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. அதனால் பார்வையற்றோர் பலர் இங்கே வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், வெள்ளைக் கோலுடன் தனியே நடந்து போகிறார்கள்.

நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைக் கவனியுங்கள். அவற்றில் இரண்டே 'எழுத்துகள்'. நீளமான மேட்டுக் கோடுகள் இருந்தால் 'இந்தத் திசையில் நட' என்று பொருள். உருண்டை மேடுகள் இருந்தால் 'நில், கவனி' என்று பொருள். முன்னால் படிக்கட்டோ சாலையோ இரயில் மேடையின் விளிம்போ இருக்கலாம். செருப்பின் அடியிலும் கோலின் நுனியிலும் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

ஜப்பானின் செய்ச்சி மியாக்கே 1965-இல் இதை உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். அங்கிருந்து இது உலகெங்கும் பரவியது. பார்வையற்றோருக்கு மஞ்சள் நிறம் எதற்கு என்று கேட்கிறீர்களா? அவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கும். சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் அவர்களுக்கு எடுப்பாகத் தெரியும்.

எத்தனை நுட்பமாக யோசித்து வைத்தாலும், இந்த ஓடுகளின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அவ்வளவும் வீண். நடந்து வருபவர் படித்துக்கொண்டிருந்த வரி பாதியில் அறுந்துபோகும். வடிவமைத்தவரின் வேலை ஓடு பதித்ததோடு முடிந்தது. வழியைத் திறந்து வைப்பது நம் வேலை. மஞ்சள் ஓட்டின் மேல் நிற்காதீர்கள், பையை வைக்காதீர்கள். யாராவது வண்டியை நிறுத்த வந்தால், "அங்கிள், இது பார்வையற்றவர்கள் நடக்கும் வழி, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலோர் தள்ளி நிறுத்துவார்கள்.