சுருட்டுக்குத் தனிச் சட்டமா?

அமெரிக்காவில் டாம்பா என்று ஒரு நகரம். "சுருட்டு நகரம்" என்றே அதற்குப் பெயர்!

ஒரு காலத்தில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சுருட்டுத் தொழிற்சாலைகள் இருந்தன. தொழிலாளர்கள் சுருட்டு சுற்றுவார்கள். ஒருவர் மேடையில் அமர்ந்து பத்திரிகை படித்துச் சொல்வார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் தொழிலாளர்களே!

இன்று மிஞ்சியிருக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றுதான்.

2016-ல் சிகரெட்டுக்குரிய கட்டுப்பாடுகளை அமெரிக்க அரசாங்கம் சுருட்டுக்கும் விதித்தது. புது ரகம் விற்க முன் அனுமதி வேண்டும். அதற்குச் செலவு ஏராளம்.

"பெரிய கம்பெனி தாங்கும். கையால் சுற்றும் சிறு தொழில் தாங்குமா?" என்பது கேள்வி.

இப்படி நேரும் என்று அஞ்சி, உயர் ரகச் சுருட்டுக்கு விலக்குக் கேட்டு 2011-லேயே பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. பிறகும் பலமுறை வந்தது. சட்டம் ஆகவில்லை.

கடைசியில் கைகொடுத்தது கோர்ட்டு. இந்தச் சுருட்டைச் சிறுவர்கள் அதிகம் தொடுவதில்லை என்பதற்கான ஆதாரத்தை அதிகாரிகள் கவனிக்கவில்லை என்று கூறி, 2023-ல் அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை ரத்து செய்தது.

ஆனால், கையால் சுற்றினாலும் புகை புகைதான். அதுவும் புற்றுநோய் தரும். தொழிலாளியின் பிழைப்பும் வேண்டும், மக்களின் உடல்நலமும் வேண்டும். சட்டம் செய்பவர்களுக்கு அதுதான் தலைவலி!