லைசென்ஸ் வேண்டாம், ஆனால் சட்டம் உண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பில், வாரண்டி கார்டு எல்லாவற்றையும் மறக்காமல் கேட்டு வாங்குகிறோம். ஆனால் வை-ஃபி ரூட்டர் வைக்க அரசு அனுமதி வேண்டுமா, பழைய மானிட்டரை யாரிடம் போட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் என்னிடம் ரேம், ஹார்ட் டிஸ்க் பற்றிப் பலரும் கேட்கிறார்கள்; இந்த இரண்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இரண்டிலும் சட்டம் நமக்கு 'விலக்கு' தந்திருக்கிறது. அந்த விலக்கு எதுவரை என்று பார்ப்போமா?

ரூட்டரும் ஒரு ரேடியோ நிலையமே

1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தித் தொடர்பு அமைக்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே என்றது. 1933-ஆம் ஆண்டின் ஒயர்லெஸ் சட்டம், ஒயர்லெஸ் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதையே தடை செய்தது. வீட்டு ரேடியோப் பெட்டிக்குத் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

உங்கள் ரூட்டர் அலைகளை வாங்குவதுடன் நில்லாமல் அனுப்பவும் செய்கிறது. அப்படியிருந்தும் லைசென்ஸ் கேட்காததற்குக் காரணம், 2005 ஜனவரியில் வந்த விலக்கு விதி. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அதிகபட்சம் 1 வாட் சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அது சொன்னது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விலக்கு மேலும் விரிந்தது. 2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது: ரேடியோ கருவி வைத்திருக்க அரசின் அங்கீகாரம் வேண்டும், பொதுநலன் கருதி அரசு விலக்கு தரலாம்.

இந்த விலக்கில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது. பிறரால் உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ரூட்டரால் உங்கள் வேகம் குறைந்தால் புகார் செய்து பயனில்லை. ரூட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 என மாற்றிப் பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதற்குச் சற்று முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் போயிற்று. அதன் ஐபி முகவரியைத் தேடிப் போன போலீசார் நவி மும்பையில் ஒரு வீட்டில் போய் நின்றார்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த அந்த வீட்டு வை-ஃபியை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் முதலில் விசாரணைக்கு ஆளானவர் இணைப்புக்கு உரியவர்தான்! 2009 பிப்ரவரியில், வை-ஃபி இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி இன்டர்நெட் நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

எனவே டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்வு செய்து, நீளமான பாஸ்வேர்ட் கொடுங்கள். ரூட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி விடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் எங்கே போகிறது?

2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரிப்பாளர்கள், பழுதுபார்த்து விற்பவர்கள், மறுசுழற்சி செய்பவர்கள் எல்லோரும் இதன்படி பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் விற்கும் நிறுவனம் மறுசுழற்சி இலக்கையும் எட்ட வேண்டும்: 2023-24-இல் 60 சதவீதம், 2025-26-இல் 70, 2027-28 முதல் 80.

குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம் 'மொத்த நுகர்வோர்' பட்டியலிலும் வருவதில்லை. அதற்கு ஆயிரம் கருவிகளாவது வேண்டும். ஆகவே பழைய மானிட்டரைக் காயலான் கடையில் போட்டால் வீட்டுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஆனால் பழைய பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தாமிரம் எடுக்க வயரை எரித்தால் நச்சுப் புகை வரும். அதைச் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளிதான். அந்தக் கடைக்கு இந்த விதிகள் பொருந்தாமல் போனாலும், காற்று, நீர் மாசுத் தடுப்புச் சட்டங்கள் பொருந்தும்.

யுபிஎஸ் பேட்டரி இந்த விதிகளில் வராது. ஆனால் அதற்கென்றே 2022-இல் பேட்டரிக் கழிவு விதிகள் வந்துள்ளன. பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற கடமை அதில் நமக்கே உண்டு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விடுங்கள்.

கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன்

வேண்டிய ஃபைல்களை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 'குயிக் ஃபார்மட்' செய்தால் ஹார்ட் டிஸ்கில் உள்ளவை அழிந்துவிடாது. மீட்டெடுக்க சாஃப்ட்வேர்கள் உண்டு. முழுவதும் மேலெழுதி அழிக்கும் புரோகிராமைப் பயன்படுத்துங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திலோ ஒப்படையுங்கள். காயலான் கடையில் நூறு, இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கலாம். அந்தப் பணத்துக்காக உங்கள் வங்கி விவரங்களையும் ஒரு தொழிலாளியின் நுரையீரலையும் பணயம் வைக்க வேண்டாமே!